பதினேழாம் எண்ணின் கால்

நெருப்புக்குப் பிறகு மனிதகுலம் கண்ட பெரிய முன்னேற்றம் எங்கள் ஆய்வுக் குழுதான். அதன் செயலாளன் என்பதால் இதை மிகுந்த அடக்கத்தோடு சொல்கிறேன்.

விஷயம் எளிது. நாள்பட்ட சர்க்கரை நோய் ரத்தக் குழாயின் உள்சுவரை அரிக்கும். அரிக்க அரிக்கச் சில புரதங்கள் ரத்தத்தில் கூடும். அவற்றை அளந்தால், கால் கெட்டுப்போகும் முன்பே ஆபத்து தெரிந்துவிடும். அதனால் ஆய்வுக்கு 'முன்னெச்சரிக்கை' என்று பெயர். பெயர் வைக்க மட்டும் நான்கு கூட்டங்கள், ஒன்பது வகை பிஸ்கட்.

ரத்தம் கொடுப்பவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எந்த எண் யார் என்ற பட்டியல் என் டிராயரில் இருக்கும், சாவி என் சட்டைப்பையில். பதினேழாம் எண் எங்கள் கட்டடத்து லிஃப்ட்காரர். அடடா, அவர் புரதம் ஏறிய அழகு! மூன்று வருடமாக அவர் லிஃப்ட் மாதிரியே நேராக மேலே போனது. வரைபடத்தில் அந்தக் கோட்டைப் பார்த்தாலே குழுத் தலைவருக்குக் கண் கலங்கும்.

ஒருநாள் லிஃப்டில் அவரே தலைவரிடம் கேட்டார்.

"சார், என் ரத்தம் எப்படி இருக்கு? இடது கால் மரத்துப்போகுது. நேத்து செருப்பு கழண்டதே தெரியல. வீட்டுக்காரிதான் பின்னாடியே எடுத்துட்டு வந்தா."

"அதெல்லாம் ரகசியம்ப்பா."

"யாருக்குத் தெரியக் கூடாது சார்?"

"உனக்குத்தான்."

"என் ரத்தம்தானே சார்? பதினேழு..."

"ஐயையோ, நம்பரைச் சொல்லாதே! ஆய்வே கெட்டுடும்!" தலைவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அப்படியொரு நேர்மை!

எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் வாயைத் திறந்தேன்.

"பதினேழு யாரா இருந்தாலும் சொல்லிடலாமே சார்?"

"சொன்னா வைத்தியம் பாத்துக்குவான்யா! கோடு இறங்கிடும். அப்புறம் எதைக் காட்டுறது?"

பிஸ்கட் தட்டு என் பக்கம் வந்தது. நான் ஒன்றை எடுத்துக்கொண்டு, கூட்டக் குறிப்பில் 'ஒருமனதாக' என்று எழுதினேன்.

அறிக்கை வெளியிட்ட அன்று எல்லோரும் படியேறித்தான் மாடிக்குப் போனோம். லிஃப்ட்காரரின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஐந்து நாளாகியிருந்தது. விடுப்புக் கடிதத்தோடு அவர் மனைவி வாசலில் நின்றிருந்தார். கையில் ஒற்றைச் செருப்பு.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாமாம், டாக்டர் சொல்றாரு. யாருக்கு சார் தெரியும்?"

உள்ளே கைதட்டல் கேட்டது. 'முன்னெச்சரிக்கை' அமோக வெற்றி. எங்களுக்கு மூன்று வருடம் முன்பே தெரியும்.