எதிர்காலம் இல்லாத இலக்கணம்

தொல்மொழி மீட்பு அலுவலகத்தில் ஆய்வாளர் அம்மாள் வெகுகாலமாகத் தற்காலிகம். அவரை நிரந்தரமாக்கும் ஆணை எழுத்தரின் மேசைவரை வந்துவிட்டது. அங்கிருந்து அவர் கைக்குத்தான் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் எழுத்தர் தலை நிமிராமல், "நாளைக்கு வாங்க மேடம்" என்பார்.

இந்த நிலையில், ஐரோப்பாவில் எழுத்து தோன்றும் முன்பே வழங்கிய ஒரு மொழிக்குடும்பத்தின் மூலமொழியைக் கண்டுபிடிக்கும்படி மேலிடம் பணித்தது. இந்தத் துறையில், சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரம் போட்டால் 'ஊகம், யாரும் கேட்டதில்லை' என்று பொருள். அப்புறம் சான்று கேட்க யாருக்கும் வாய் வராது. அம்மாள் நட்சத்திரங்களை வாரி இறைத்தார். உயிரெழுத்து ஒன்று, தொண்டை ஒலி மூன்று, இறந்தகாலம் ஐந்து என்று வகுத்தவர், எழுத்தரை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்காலத்தை அடித்து நீக்கிவிட்டார்.

"எதிர்காலம் எங்கேம்மா?" என்றார் இயக்குநர்.

"அவங்களுக்கு எதிர்காலம்னா நாமதான் சார். நம்மளப் பத்தி அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அட, ஆமா!" மெய்சிலிர்த்த இயக்குநர், அலுவலகம் இனி அம்மொழியிலேயே இயங்கும் என்று அறிவித்தார்.

மோகம் பற்றிக்கொண்டது. இருமல், கனைப்பு, ஏப்பம் ஆகிய மூன்று தொண்டை ஒலிகளும் மேன்மக்களின் அடையாளமாயின. சளி பிடித்த பிள்ளைகளைப் பெற்றோர் மருத்துவரிடம் காட்டாமல் பேச்சுப் போட்டிக்கு அனுப்பினார்கள். இயக்குநர் சாப்பிட்டு எழுந்து விட்ட ஏப்பத்தைச் சுற்றறிக்கை என்று நாலு பேர் குறித்துக்கொண்டார்கள்.

அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. இனி எந்த வாய் 'நாளைக்கு வாங்க' என்று சொல்லும்? துள்ளிக்கொண்டு எழுத்தரிடம் போய், கனைத்து, இருமி, ஆணையைக் கேட்டார்.

எழுத்தர் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தார். ஐந்து இறந்தகாலங்களில் 'தவறிப்போன இறந்தகாலம்' என்று அம்மாளே ஆசையாகச் செதுக்கியது ஒன்று உண்டு. அதில் பிழையில்லாமல் பதில் சொன்னார். தமிழில் அதற்கு, "நேத்தே வந்திருக்கணும் மேடம்" என்று பொருள்.

அழுகையை அடக்க அம்மாள் தொண்டையைச் செருமினார். எழுத்தர் அதை 'நன்றி' என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டில் கணவர் கேட்டார்: "ஏம்மா, அப்ப வேலை எப்பதான் நிரந்தரமாகும்?"

"அப்படிக் கேக்கவே முடியாதுங்க. அந்த மொழியில அதுக்கு வழியே வைக்கல."

இந்தச் சிறப்பு மேலிடத்தின் காதுக்கு எட்டியதும் அம்மொழி நாடு முழுவதற்கும் கட்டாயமானது. இப்போதெல்லாம் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கக் குழாயடிக்கு வருகிறவர்கள், ஒருமுறை இருமிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.