ஐதரசன் மாஸ்டரும் ஒரு கேத்தல் வெந்நீரும்

கண்டி வாவியைப் பார்த்து, "எவ்வளவு எரிபொருள் சும்மா கிடக்குது!" என்று பெருமூச்சு விட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரை ஐதரசன் மாஸ்டர் என்போம்.

யுத்த காலம். மலையகத்துப் புசல்லாவை ராஜம்மாக்கா கண்டியில் நடத்திய போடிங் விடுதியில் நான் முன்னறை. யாழ்ப்பாணத்து இரசாயன ஆசிரியரான மாஸ்டர் பின்னறை. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, எரிபொருளாக ஐதரசன் வாயு எடுப்பார்.

"எடுக்கிறது பெரிய வித்தையில்லை, தம்பி. குறைஞ்ச கரண்டில எடுக்க வேணும். ரெண்டு தகட்டையும் கிட்டக் கிட்ட வைச்சால் செலவு குறையும்."

கிட்டக் கிட்ட வைத்து ஒருநாள் தகடுகள் முட்டிக்கொண்டன. வீடே இருண்டது. நேர்முகப் பரீட்சைக்கு அயன்பெட்டியால் சட்டை அழுத்திக்கொண்டிருந்த நான், ஒரு கை மடிப்போடும் மறு கை சுருக்கத்தோடும் போனேன்.

"இந்த மாசத்தோட ரூமைக் காலி பண்ணுங்க!" என்றாள் அக்கா மாஸ்டரிடம்.

அந்த வாரமே பொலிஸ் சோதனை. வயர், போத்தல், குமிழி எல்லாவற்றையும் பார்த்த சார்ஜன்ட், "மே மொகத? என்ன இது, குண்டா?" என்றார்.

'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். மாஸ்டரோ, "கதிரையில இருங்கோ, விளங்கப்படுத்துறன்" என்று வாயு நிறைந்த குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டினார். டப்! இரண்டு பொலிஸ்காரர் கட்டிலுக்கடியில்.

"பாத்தியளோ, எவ்வளவு சுத்தமான..."

வசனம் முடியுமுன் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். அப்படி ஏற்றப்பட்ட எல்லோரும் திரும்பி வராத காலம் அது. இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

காலையில் நானும் அக்காவும் பொலிஸுக்குப் போனோம். அக்கா சிங்களத்தில் வெளுத்து வாங்கினாள்: முட்டை அவிக்கத் தெரியாத மனுசனா குண்டு செய்யப்போகிறார்? குண்டு செய்கிறவன் பொலிஸைக் கதிரையில் இருத்திப் பாடம் நடத்துவானா?

"நீ இவருக்கு யார்?" என்றார் அதிகாரி.

"தங்கச்சி."

யாழ்ப்பாணத்து அண்ணனுக்குப் புசல்லாவைத் தங்கச்சி எங்கிருந்து வந்தாள் என்று எந்தத் தமிழனும் கேட்டிருப்பான். நல்லவேளை, அதிகாரி தமிழர் இல்லை. பாடசாலை அதிபரையும் விசாரித்துவிட்டு மாலையில் விட்டார்கள்.

மாஸ்டரின் கன்னம் வீங்கியிருந்தது. வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்:

"தங்கச்சி, ஒரு கேத்தல் வெந்நீர் தருவியளோ? உள்ளுக்க இருக்கேக்க யோசிச்சனான். தண்ணி சூடாயிருந்தால் கரண்ட் இன்னும் குறையும்."

ஏச்சு வரப்போகிறதென்று நான் அக்காவின் வாயைப் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பை மூட்டப் போனாள்.