விசா முடிந்தால் விசாரணை

பதறுவதற்கு முன் பச்சியப்பன் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டார். பிறகு, பதறுகிறவன் தலை வாரியிருக்க மாட்டான் என்று தோன்றவே, கலைத்துவிட்டார். வீடியோ காலில் எல்லாம் தெரியும்.

மனைவி சுகுணா அமெரிக்கா போய்ப் பதினெட்டு நாள். மகள் பாரதிக்கு இரண்டாவது குழந்தை. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பும்போது நாலு பேர் காதில் விழும்படி இவர் சொல்லியிருந்தார்: "எத்தன மாசம் வேணாலும் இருந்துட்டு வா. எனக்கென்ன, நான் சிங்கம்!"

சிங்கத்துக்குக் களி கிண்ட வரவில்லை. முதல் நாள் களியைச் சுவருக்குப் பூசியிருக்கலாம். இரண்டாம் நாள் களியை டம்ளரில் குடிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாளிலிருந்து டீயும் பன்னும். திட்ட ஆளில்லாத வீடு அமைதியாக இருந்தது. அது தாங்காமல் ஒருநாள் வெறும் மிக்சியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார்.

வந்துவிடு என்று சொல்லலாம். சிங்கம் என்று சொன்ன அதே வாயால் சொல்ல வேண்டும். வெட்கமாக இருந்தது.

பீரோவில், மாமனார் அவள் பெயரில் எழுதிவைத்த வீட்டுப் பத்திரத்துக்கு அடியில், அவளுடைய விசாவின் ஜெராக்ஸ் கிடைத்தது. பத்து வருசத்துக்கு முன் மூத்த பேத்தி பிறந்தபோது எடுத்த விசா. முடியும் தேதி ஜூன் பன்னிரண்டு. இன்னும் ஐந்தே நாள். கூப்பிடுவது இனி இவரில்லை, சட்டம்!

"சுகுணா, பொட்டியக் கட்டு! பன்னெண்டாந்தேதி உன் விசா முடியுது!"

"முடியட்டுமே."

"முடியட்டுமாவா? விசா முடிஞ்சா விசாரணை! தூக்கி உள்ள போட்டுருவான்!"

"யாரு சொன்னது?"

"வக்கீலு."

"எந்த வக்கீலுங்க?"

"ஒரு... பெரிய வக்கீலு."

சுகுணா சிரிக்கவில்லை.

"இத பாருங்க. அந்தத் தேதி உள்ள நுழையறதுக்குத்தான் கடைசி நாளு. எத்தன நாளு தங்கலாம்ங்கறது வேற. அத ஏர்போர்ட்ல ஆபீசரு சொல்லுவாரு. எனக்கு ஆறு மாசம் குடுத்திருக்காரு, நவம்பர் பத்தொம்போது வரைக்கும்."

"அதெப்படி? தேதி முடிஞ்சவங்கள எவன் உள்ள வெச்சிருப்பான்?"

"ஏன், நாங்க வெச்சிருக்கல?"

"யார?"

"கண்ணாலம் முடிஞ்சு மறுவூட்டு விருந்துக்கு மூணு நாளுன்னு எங்க வூட்டுக்கு வந்தீங்க. முப்பத்திரெண்டு வருசமாச்சு. யாராச்சும் விசா கேட்டமா?"

போனுக்குள் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் முகம் மட்டும் தெரிந்துகொண்டிருந்த படம் மெல்லத் திரும்பியது. சோபாவில் வரிசையாக மாப்பிள்ளை குரு, சம்பந்தி, சம்பந்தியம்மா, குழந்தையோடு பாரதி.

"வணக்கம் மாமா," என்றான் குரு.

பச்சியப்பன் கலைத்த தலையைக் கையால் படியவைத்தார். காது இரண்டும் சுட்டன.

சுகுணா போனோடு வேறு அறைக்குப் போனாள். குரல் இறங்கியது.

"களி கட்டி தட்டுதா?"

"ம்."

"வான்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்துருமா?"

அவர் ஜெராக்ஸை மடித்தார். மறுபடி மடித்தார். தபால்தலை அளவுக்கு வந்துவிட்டது. அந்த வார்த்தை மட்டும் வரவில்லை.

"சரி, வுடுங்க. எனக்கு இங்க நவம்பர் வரைக்கும் குடுத்திருக்காங்க. எங்க வூட்ல உங்களுக்கும் அதுவரைக்கும் நீட்டிச்சிருக்கேன். போயி மாட்டுக்குத் தண்ணி வைங்க."