துண்டுக்குள் போன பதினைந்து ரூபாய்

பொய் சொல்லக் கூடாது என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன் நான். ஓய்வு பெற்ற நாற்பதாம் நாள், ஒரே ஒரு பொய் சொல்வதென்று தீர்மானித்தேன். பெரிய பொய் அன்று. பதினைந்து ரூபாய் அளவுள்ள பொய். அதையும் என் மனைவியிடம் மட்டுமே சொல்வதாக இருந்தேன். ஊராரை ஏமாற்றுவது என் கொள்கைக்கு விரோதம்.

காரணத்தைக் கேட்டால் நீங்களே என்னை மன்னித்துவிடுவீர்கள். சிறுவர்க்கு இலக்கணத்தைச் சுருக்கிச் சொல்லும் நூல் ஒன்றை எழுதி முடித்திருந்தேன். முந்நூற்றுப் பதினாறு பக்கங்கள். சேலத்து அச்சுக்கூடத்தார் முன்பணமாகப் பதினைந்து ரூபாய் கேட்டார்கள். வைகாசி முடிவதற்குள் கொடுத்தால் இந்த ஆண்டே நூல் வெளிவரும். தவறினால் ஆனி மாதத்துத் திருமணப் பத்திரிகைகளில் இறங்கிவிடுவார்கள். பிறகு அடுத்த ஆண்டுதான் என்று சொல்லிவிட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டிலே வெளிவந்திருக்க வேண்டிய நூல் அது. நாட்டில் அந்த ஆண்டுக்குப் பிறகு பிழைகள் பெருகியதற்கு நான் பொறுப்பாளியல்லன்.

என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. என் பணம் என்னிடம் இல்லை, அவ்வளவுதான். சேமநிதி முழுவதும் என் மனைவி சென்னியம்மாளின் பெட்டியில் இருந்தது. பெட்டியின் சாவி அவள் இடுப்பில் இருந்தது. முறைப்படி ஒரு விண்ணப்பம் செய்து பார்த்தேன்.

"அச்சடிச்சு என்னுங்க பண்ணப் போறீங்க?" என்றாள்.

"பிள்ளைகள் படிப்பார்கள்."

"நீங்க நேர்ல நின்னு அடிச்சே படிக்காத பசங்க, காயிதத்தப் பாத்தா படிக்கப் போறாங்க?"

இதற்கு விடை என் நூலில் இல்லை.

ஆகவேதான் சைக்கிள். அவளுடைய கடலைக்காடு ஊரிலிருந்து மூன்று மைல். ஒரு சைக்கிள் இருந்தால் நாள்தோறும் காட்டை மேற்பார்வையிடுவேன் என்று சொன்னேன். உடனே இசைந்தாள். காட்டைப் பார்க்கப் போகிறேன் என்று நான் சொன்னது அதுவே முதல் தடவை. அந்த அதிர்ச்சியில் இசைந்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன். எனக்குச் சைக்கிள் விடத் தெரியும். ஏறுவதற்கு ஒரு மைல்கல் வேண்டும். இறங்குவதற்கு ஒரு மனிதர் வேண்டும். இடையில் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும்.

ஆட்டையாம்பட்டியில் கரீம் பாஷா என்பவர் புதுச் சைக்கிள்கள் விற்றுவந்தார். அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. விலையை வாயால் சொல்லமாட்டார். அவர் தந்தையார் மாட்டுச் சந்தையில் வியாபாரம் செய்தவர். அங்கே தோளில் கிடக்கும் துண்டை இருவர் கைகளின்மேலும் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். முதற் பிடி பத்துகளுக்கு. அடுத்த பிடி ஒன்றுகளுக்கு. சுற்றி நிற்பவர்கள் முகத்தை மட்டுமே பார்க்கலாம். பாஷா அந்த வழக்கத்தைச் சைக்கிளுக்கும் கொண்டுவந்துவிட்டார். காரணம் கேட்டேன். நேற்று அதிக விலைக்கு வாங்கிப் போனவன் இன்று சக்கரத்துக்குக் காற்றடிக்க வந்து பக்கத்திலேயே நிற்பான். விலையை வாய்விட்டுச் சொன்னால் காற்றை என் வயிற்றில் அடிப்பான் என்றார்.

இதைக் கேட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஒரு சைக்கிளின் விலை வாங்கியவனுக்கும் விற்றவனுக்கும் மட்டுமே தெரியும். என் பொய்க்காகவே யாரோ கட்டிவைத்த கடைபோல் இருந்தது.

முதல் நாள் தனியாகவே போனேன். துண்டுக்குள் கையை நீட்டினேன். பிரம்புக்காகப் பிறர் கையை நீட்டச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். நானே நீட்டுவது சற்றுக் கூச்சமாக இருந்தது. பாஷா எடுத்த எடுப்பில் ஐந்து விரல்களையும் பிடித்தார். ஐம்பது. நான் நான்கைப் பிடித்தேன். அவர் முகத்தைச் சுளித்தார். நானும் சுளித்தேன். வெற்றிலைக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் இருவருக்கும் வயிற்றுவலி என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். கால் மணி நேரம் பிசைந்து, நான்கு விரல்களிலும் பிறகு ஐந்து விரல்களிலும் வந்து நின்றோம். நாற்பத்தைந்து.

இந்தச் செய்தி என் வீட்டுக்கு எட்டக் கூடாது என்று பாஷாவிடம் கேட்டுக்கொண்டேன்.

"துண்டுக்குள்ள பேசுனது துண்டோட போச்சு, வாத்தியாரே. எங்க அத்தாவே குழியில இருந்து எந்திரிச்சு வந்து கேட்டாலும் சொல்லமாட்டன். ஆனா பொய் சொல்லச் சொல்லாதீங்க, சும்மா இருக்கச் சொல்லுங்க, இருக்கறேன்" என்றார்.

சும்மா இருந்தால் போதும் என்றேன். பொய்யை நானே சொல்லிக்கொள்வேன். வேலையைப் பிறரிடம் தள்ளிவிடும் வழக்கம் எனக்கில்லை.

வீட்டுக்கு வந்து, அறுபது ரூபாய் என்று அறிவித்தேன். எண்பதில் தொடங்கியவரைத் தொண்டை வற்றப் பேசி அறுபதுக்கு இறக்கினேன் என்று விவரித்தேன். விவரிக்க விவரிக்க எனக்கே என்மீது மரியாதை உண்டாயிற்று. சென்னியம்மாள் முறத்தில் உளுந்து புடைப்பதை நிறுத்தவில்லை.

"பேசி முடிச்சுட்டீங்களா?"

"முடித்துவிட்டேன்."

"இதுக்கு மேல கொறையாதுங்களா?"

"ஒரு காசுகூடக் குறையாது."

"அப்பச் சரிங்க. நாளைக்கு நானும் வாரேன்."

அவள் வரவேண்டிய அவசியமில்லை என்பதற்கு ஏழு காரணங்களை எடுத்துரைத்தேன்.

"அறுவது ரூவாயக் கட்டிக்கிட்டு நீங்க ஒத்தையில போவோணுமாக்கும்? போன மாசம் பொடி டப்பியக் காணோம்னு ஊட்டையே கவுத்துப் போட்டீங்க. கையிலதான் இருந்துது."

ஏழு காரணங்களும் அத்துடன் முடிந்தன.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் மாமனார் சின்னுசாமி ஆண்டுதோறும் சந்தைக்குக் காளை ஓட்டிப் போய் விற்றவர். ஆண்பிள்ளை இல்லாதவர் ஆகையால் சிறு வயதில் இவளையும் வண்டியில் ஏற்றிப் போவாராம். அங்கே இவள் என்ன கற்றாள் என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கற்பதற்குத்தான் கல்வி என்று பெயர் என்பது அக்காலத்தில் என் முடிவு.

மறுநாள் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் அஞ்சியபடி ஒன்றும் நடக்கவில்லை. கடைக்குப் பின்புறமே பாஷாவின் வீடு. நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னாலிருந்து பாஷாவின் மனைவி மஸ்தான் பீவி, வெயிலில் வந்தவர்களை நிற்க வைக்கலாமா என்று குரல் கொடுத்தார். சென்னியம்மாள் உள்ளே போய்விட்டாள். எனக்கு உயிர் வந்தது. விலை பேசும் இடத்தில் அவள் இல்லை. இனிப் பணத்தை மட்டும் கேட்டு வாங்கினால் போதும். அறுபதை வாங்குவேன், நாற்பத்தைந்தைத் துண்டுக்குள் தள்ளுவேன், பதினைந்து மாலைக்குள் சேலம் போய்ச் சேரும்.

பாஷா சைக்கிளை இறக்கி, துடைத்து, மணியை இரண்டு முறை அடித்துக் காட்டினார். நானும் இரண்டு முறை அடித்தேன். உள்ளே வளையல் ஓசை கேட்டது. பிறகு சிரிப்பு. பிறகு நெடுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து இருக்கும் இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றால் நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மூன்றாம் முறையாக மணி அடித்துக்கொண்டிருந்தேன்.

சென்னியம்மாளிடம் பணத்தை வாங்கித் தருமாறு உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள் என்று பாஷாவிடம் சொன்னேன். அவர் வாய் திறப்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து மஸ்தான் பீவியின் குரல் வந்தது.

"வெல முடிஞ்சுருச்சு. பணமும் வந்துருச்சு. வண்டியக் குடுத்து அனுப்புங்க."

பாஷா என்னைப் பார்த்தார். நான் பாஷாவைப் பார்த்தேன்.

"எவ்வளவுக்கு முடிஞ்சுது?" என்றார் அவர்.

"முந்தானிக்குள்ள பேசுனத வெளிய சொல்றதுங்களா?"

கடைக்கு முதல் போட்டவர் மஸ்தான் பீவியின் தந்தையார் என்பதும், அவரும் அதே சந்தையில் ஆடு விற்றவர் என்பதும், பெரிய பேரமெல்லாம் கடைசியில் திரைக்குப் பின்னால்தான் முடியும் என்பதும் பாஷா அப்போதுதான் என் காதோடு சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். சும்மா இருக்கச் சொன்னது நீங்கள்தானே என்றார்.

சென்னியம்மாள் வெற்றிலை மென்றபடி வெளியே வந்தாள். வலது கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"போலாமுங்களா?"

"எவ்வளவு கொடுத்தாய்?" என்றேன்.

"நீங்க சொன்னதுதானுங்க. அறுவது."

நாற்பத்தைந்து ரூபாய்ச் சைக்கிள் என்று வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கினேன். அதைச் சொன்னால் அறுபது என்று சொன்ன வாய் எது என்று கேட்பாள். அந்த வாயும் இதுதான்.

"கொஞ்சம் குறைத்துக் கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னேன்.

"அதெப்படிங்க? தொண்ட வத்தப் பேசி நீங்க முடிச்ச வெலை. நான் போயிக் கொறைச்சுப்போட்டா உங்க மருவாதி என்னாகறது?"

பாஷா சும்மா இருந்தார். வாக்கைக் காப்பாற்றும் மனிதர்.

கடைவாசலில் மைல்கல் இல்லாத காரணத்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். அவள் வெறுங்கையை வீசிக்கொண்டு முன்னே நடந்தாள். பாதி வழியில்தான் என் அறிவு வேலை செய்யத் தொடங்கியது. பாஷா என்னிடம் ஐம்பதில்தான் தொடங்கினார். அவர் மனைவியும் ஐம்பதில்தான் தொடங்கியிருப்பார். அறுபதுக்கு ஒரு காசும் குறையாது என்று சொல்லி அழைத்துப் போன கணவன். முதற் பிடியிலேயே ஐம்பது என்று சொல்லும் கடை. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? சந்தையில் வளர்ந்தவளுக்கு அந்த விரலை விடும் நேரம்கூட ஆகியிராது.

அப்படியானால் மிச்சப் பணம் எங்கே? கேட்கவும் முடியாது. கேட்டால் மிச்சம் உண்டு என்பது எனக்குத் தெரியும் என்றாகும். மறுநாள் இரகசியமாகப் பாஷாவிடம் போய் விசாரித்தேன். பணம் மனைவியின் பெட்டிக்குப் போய்விட்டது, எவ்வளவு என்று தனக்கே தெரியாது என்றார். அவர் கண்களில் ஒரு தோழமை தெரிந்தது. வைகாசி முடிந்தது. அச்சுக்கூடத்தார் திருமணப் பத்திரிகைகளில் இறங்கினார்கள்.

எட்டாம் நாள் காலையில் மேலைத்தெருத் தங்கமுத்து ஓர் எருமைக் கிடேரியை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசல் வேம்பில் கட்டினான். வீடு மாறிக் கட்டிவிட்டாய் என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன்.

"இல்லீங்க வாத்தியாரய்யா. அம்மா வாங்குனதுங்க. நீங்க சைக்கிள் தள்ளிக்கிட்டு வந்தீங்களே, அன்னிக்குப் பொழுதோடயே முந்தானி முடிச்ச அவுத்து, அதுல மிச்சமிருந்த பதினெட்டு ரூவாயும் கையில குடுத்துட்டாங்க."

பதினெட்டு. நான் அங்கேயே நின்று அறுபதிலிருந்து கழித்தேன். நம்பாமல் மறுபடியும் கழித்தேன். நாற்பத்திரண்டுதான் வந்தது. கால் மணி நேரம் விரல் வலிக்கப் பிசைந்து நான் நாற்பத்தைந்துக்கு முடித்த சைக்கிளை, என் மனைவி வெற்றிலை மென்றுகொண்டே நாற்பத்திரண்டுக்கு வாங்கியிருந்தாள். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த மூன்று ரூபாயைத்தான் பொறுக்க முடியவில்லை.

தங்கமுத்து போனதும், கிடேரியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த அவளிடம் நேராகவே போனேன். முப்பத்திரண்டு ஆண்டு வகுப்பறைக் குரலை வரவழைத்துக்கொண்டேன்.

"சென்னியம்மாள், இந்த எருமைக்குப் பணம் ஏது?"

அவள் திரும்பினாள். முகத்தில் கோபமும் இல்லை; சிரிப்பும் இல்லை. சந்தையில் முகத்தை அப்படித்தான் வைத்துக்கொள்வார்களாம்.

"ஏனுங்க, கேக்கறதுன்னா மொதல்ல இருந்து கேளுங்க. மொத நாளு ஒத்தையில கடைக்குப் போயிட்டு வந்து அறுவதுன்னு சொன்னீங்களே, அங்கிருந்து ஆரம்பிங்க. நான் இப்படி உக்காந்துக்கறேன். ஒண்ணொண்ணாக் கேளுங்க, நானும் ஒண்ணொண்ணாக் கேக்கறேன்."

நான் சைக்கிளை எடுத்து, கிடேரிக்குப் புல் எந்தப் பக்கத்து வரப்பில் அறுக்க வேண்டும் என்று கேட்டேன்.