சவுரிராயன் வாங்கிய நாலு டயர்

திண்டிவனத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெய் மில் வைத்திருந்த சவுரிராயன், அறுபத்து மூன்றாம் வருஷம் நவம்பர் முதல் தேதி, சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாளன்று, மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்ததும் ஒரு முடிவு எடுத்தார். பிப்ரவரியில் சோழவரத்தில் நடக்கும் கார்ப் பந்தயத்தில் ஓட்டுவது. ஓட்டியே தீருவது. எவர் தடுத்தாலும் ஓட்டுவது.

அவரைத் தடுக்கக்கூடியவர் ஊரில் ஒரே ஒருவர்தான். அந்த ஒருத்தி பத்தடி முன்னால் குடை பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அவர் மனைவி செபஸ்தியம்மாள். அதனால் சவுரிராயன் தன் முடிவை வாய்விட்டுச் சொல்லவில்லை.

வண்டி ஏற்கனவே இருந்தது. பாண்டிச்சேரியில் வேலை பார்த்த ஒரு பிரெஞ்சு எஞ்சினியர் கப்பலேறும்போது இவரிடம் விற்றுவிட்டுப் போனது. சிவப்பு நிறம். இரண்டே சீட்டு. கூரை கிடையாது. ஸ்டியரிங் இடது பக்கம். அவ்வளவு லேசான வண்டி. மில்லில் மூட்டை தூக்கும் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் அலாக்காகத் தூக்கித் திருப்பி வைத்துவிடுவார்கள். வைத்தும் இருக்கிறார்கள். ரிவர்ஸ் கியர் விழாத நாளெல்லாம் சவுரிராயன் அப்படித்தான் வண்டியைத் திருப்பினார்.

ஒரே குறை டயர். நாலும் மொழுக்கென்று தேய்ந்து கிடந்தன.

"ஏங்க, அந்த டயருக்கும் ஒங்க தலைக்கும் ஒரே வயசுங்களா?" என்று கேட்டாள் செபஸ்தியம்மாள்.

"டயரை மாத்திக்கலாம். அதான் விழுப்புரம் போறேன்."

"போட்டதும் என்னை அந்த வண்டியில தங்கச்சி வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்க. விழுப்புரத்துக்குப் போவணும்னு ரெண்டு வருஷமா கேட்டுக்கினு இருக்கேன்."

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா ரெண்டு வருஷம் ஆவும். எனக்குத் தெரியாதா?"

விழுப்புரத்தில் டயர்க் கடை வைத்திருந்தவர் பாண்டுரங்கன். யுத்தத்தில் பர்மா வரைக்கும் போய் மிலிட்டரி லாரிகளுக்கு டயர் மாட்டியவர். டயரைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் வரும். சவுரிராயன் முதல் புதன்கிழமையே அவர் முன்னால் போய் உட்கார்ந்தார். தேய்ந்த டயரோடு வண்டியை அவ்வளவு தூரம் ஓட்ட மனசு வரவில்லை. பஸ்ஸில்தான் போனார்.

"இதப் பாருங்க, கெட்டி ரப்பர்" என்றார் பாண்டுரங்கன். "இருபதாயிரம் மைல் ஓடும். ஆனா வளைவுல வேகமாப் போனீங்க, காலை வாரி வுட்டுடும்."

"வேற?"

"இது மெத்து ரப்பர். ரேசுக்காரங்க போடறது. ரோட்டைப் பல்லி மாதிரி பிடிச்சிக்கும். ரெண்டாயிரம் மைல்ல தேஞ்சிபூடும்."

"அதோ, அந்த அகலமா இருக்கறது?"

"ஐயே, அது வேணாம். ஒங்க வண்டிக்கு வெயிட்டே இல்ல. லேசான வண்டிக்கு அகல டயர் போட்டா அது சூடே ஏறாது. சூடு ஏறாத டயரு பிடிக்காதுங்க."

சவுரிராயன் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். நகத்தால் கீறினார். மோந்தும் பார்த்தார். "அடுத்த வாரம் சொல்றேன்" என்று எழுந்தார்.

இப்படியே பதினோரு புதன்கிழமை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட அவர் ஒரே நாளில் சரி என்று சொன்னவர். டயருக்கு ஒரு நோட்டுப் புத்தகமே போட்டார். மெத்து ரப்பர்தான், ஆனால் எத்தனை அங்குலம்? காற்று எத்தனை பவுண்டு? முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாற்றிப் போடலாமா? தூக்கத்தில் "பிடிப்பு, பிடிப்பு" என்று புலம்பினார்.

"இடுப்புலயா, முதுகுலயா?" என்று செபஸ்தியம்மாள் தைலத்தோடு எழுந்து உட்கார்ந்தாள்.

பதினோராவது புதன்கிழமை, மாட்டுப் பொங்கலன்று, நாலு மெத்து ரப்பர் டயர் பஸ் கூரைமேல் ஏறித் திண்டிவனம் வந்து சேர்ந்தது. மறுநாள் மாட்டியாகிவிட்டது. பூனை மாதிரிப் பாதம் ஊன்றி உட்கார்ந்திருந்தது வண்டி. சவுரிராயன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண் கலங்கியது.

அப்போதுதான் அவருக்கு அந்த விபரீதம் தோன்றியது. தங்கச்சி வீடு. செபஸ்தியம்மாள் தங்கச்சி வீட்டுக்குப் போனால் வெறுங்கையோடு போகமாட்டாள். ஒரு மூட்டை கேப்பை, இரண்டு பூசணிக்காய், ஒரு உயிர்க்கோழி. போக வர நாற்பத்தெட்டு மைல். ஒரு தடவை போனால் மறுபடியும் போகச் சொல்வாள். பந்தயத்துக்கு என்று பார்த்துப் பார்த்து வாங்கிய ரப்பரெல்லாம் கொழுந்தியாள் வீட்டு வாசலில் தேய்ந்துபோகும்.

கூடாது. சவுரிராயன் ஒரு தந்திரம் செய்தார்.

"செபஸ்தி, ஒரு பேஜாரு ஆயிடுச்சு" என்றார் சாப்பிடும்போது.

"இன்னாங்க?"

"இந்த டயரு ஒரு ஆளைத்தான் தாங்குமாம். ரெண்டு பேரு ஏறினா வெடிச்சிடுமாம். பாண்டுரங்கன் சொல்றாரு."

"அப்படிங்களா?" செபஸ்தியம்மாள் குழம்பை ஊற்றினாள். "ஒரு ஆளுன்னா எவ்ளோ எடைங்க?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "எழுவது கிலோ" என்றார் சட்டென்று. கணக்காகச் சொன்னால்தானே நம்புவாள்?

"அதுக்கு மேல ஆவாதா?"

"எழுவத்தொண்ணு ஆனாலும் ஆபத்து."

"ஐயோ. நான் எவ்ளோ இருப்பேங்க?"

சவுரிராயன் மனசுக்குள் ஒரு மூட்டையை அவள் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். "ஒரு எம்பது இருப்பே."

செபஸ்தியம்மாளின் முகம் மாறவில்லை. மாறியிருந்தால் சவுரிராயன் சுதாரித்திருப்பார்.

"நீங்க எவ்ளோங்க?"

"அறுவத்தெட்டு."

"எப்பப் பாத்தது?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

"மோர் ஊத்திக்கிறீங்களா?" என்றாள் செபஸ்தியம்மாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் மில்லுக்கு வந்தாள். மடிப்புக் கலையாத சேலை. கையில் ஒரு பை. மூட்டை எடை போடும் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அங்கே வேலை செய்யும் அஞ்சம்மாளைக் கூப்பிட்டாள்.

"அஞ்சம்மா, என்னை எடை போடு."

மில்லில் செக்கு ஓடுவது நின்றுவிட்டது. எல்லாரும் கூடிவிட்டார்கள். அஞ்சம்மாள் கல்லைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "அம்பத்து நாலு."

"இப்ப ஐயாவைப் போடு."

"எனக்கு வேலை இருக்குது" என்றார் சவுரிராயன்.

"ஒரு நிமிஷங்க. ஏறுங்க, ஜல்தி."

ஏறினார். அஞ்சம்மாள் கல்லைத் தள்ளினாள். போதவில்லை. இன்னொரு கல்லைப் போட்டாள். ஒருமுறை குனிந்து பார்த்தாள். நம்பாமல் மறுமுறையும் பார்த்தாள்.

"ஒரு மூட்டை எம்பது. அதுக்கு மேல பதினோரு கிலோ நிக்குதும்மா!"

மூட்டை தூக்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயா கீழே இறங்கிக்கொண்டு வண்டியை மட்டும் தூக்கச் சொன்னது எவ்வளவு பெரிய கருணை என்று அன்றுதான் அவர்களுக்குப் புரிந்தது.

"தொண்ணூத்தொண்ணு" என்றாள் செபஸ்தியம்மாள், துக்கம் விசாரிக்கிற குரலில். "டயரு எழுவதுதான் தாங்குமுன்னு நீங்கதான் சொன்னீங்க. ஒங்க உயிரு முக்கியங்க. இனிமே நீங்க அந்த வண்டியில ஏறவே கூடாது."

"அப்ப வண்டிய யாரு ஓட்டறது? அந்தோணியாரா?"

அவள் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். லைசென்ஸ். அவள் போட்டோ. அவள் கையெழுத்து.

"புதன்கிழமை புதன்கிழமை நீங்க டயரு பாக்கப் போனீங்க. வண்டி சும்மாதான நின்னுக்கினு இருந்திச்சு? கான்வென்ட்டு மதரு வந்து கத்துக் குடுத்தாங்க. அவங்கதான வேன் ஓட்டறாங்க."

"அந்த மொழுக்கு டயர்லயா!"

"மொழுக்கு டயர்ல கத்துக்கினா நல்ல டயர்ல ஜபம் பண்ணிக்கினே ஓட்டலாம்னு மதரு சொன்னாங்க. அப்புறம், ரிவர்ஸ் கியரு நல்லாவே விழுதுங்க. கிளச்சை அடி வரைக்கும் மிதிக்கணும்."

மில் வாசலில் நின்ற சிவப்பு வண்டி ஒரே மூச்சில் பின்னால் வந்தது, திரும்பியது, போனது. பக்கத்து சீட்டில் பூசணிக்காய் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

சவுரிராயன் பஸ்ஸைப் பிடித்தார். அவள் போய்க் கேட்பதற்குள் பாண்டுரங்கனிடம் சொல்லிவைக்க வேண்டும். விக்கிரவாண்டியில் டிரைவர் இறங்கி டீ குடித்தார், இரண்டு முறை. விழுப்புரம் பாண்டுரங்கன் கடை வாசலுக்கு சவுரிராயன் போய்ச் சேர்ந்தபோது வண்டி அங்கே நின்றது. செபஸ்தியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி வீட்டில் சாப்பாடே முடிந்துவிட்டதாம்.

பாண்டுரங்கன் அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"மன்னிச்சுக்கங்க. டயரு ஒரு ஆளைத்தான் தாங்குமான்னு அம்மா கேட்டாங்க. யானைக்குட்டிய ஏத்தினாலும் தாங்கும்னு சொல்லிட்டேன். டயரு விஷயத்துல எனக்குப் பொய் வராதுங்க."

சவுரிராயன் திரும்பி வந்தார். செபஸ்தியம்மாள் எதுவும் தெரியாதவள் போல எழுந்தாள்.

"கெளம்பறேங்க. நீங்க எப்படி வருவீங்க? பஸ்ஸுலயா?"

"வண்டியிலதான்."

"ஐயையோ. வெடிச்சிடுமே."

"வெடிக்காது."

"நீங்கதான சொன்னீங்க?"

"சும்மா சொன்னேன்."

"இன்னொரு தடவை சொல்லுங்க. பாண்டுரங்கனுக்குக் கேக்கல."

"சும்மா சொன்னேன்! பொய் சொன்னேன்! சோழவரத்துல ரேஸ் ஓட்டறதுக்காக வாங்கின டயரு! போதுமா?"

கடையில் இருந்த ஆறு பேரும் கேட்டார்கள். எதிர்ச் சோடாக் கடைக்காரரும் கேட்டார். செபஸ்தியம்மாள் மட்டும் கோபப்படவில்லை. "ஏறுங்க" என்றாள்.

வலது பக்க சீட்டு என்றால் நடுரோட்டுப் பக்கம் என்பதை சவுரிராயன் அன்றுதான் உணர்ந்தார். இதுவரைக்கும் இடது பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தவர். இப்போது மெட்ராஸிலிருந்து வரும் ஒவ்வொரு லாரியும் அவர் காதுமடலை விசாரித்துவிட்டுப் போனது. முள் நாற்பதைத் தாண்டியது. ஐம்பதைத் தொட்டது.

"செபஸ்தி, மெதுவா!"

"ரேசுக்குப் போற ஆளுதானங்க நீங்க?"

விக்கிரவாண்டியைத் தாண்டி ஒரு வளைவு. சவுரிராயன் இல்லாத பிரேக்கை மிதித்தார். "சேசு மரி சூசை!" என்று கண்ணை மூடினார். வண்டி சறுக்கவில்லை. அலறவில்லை. ரோட்டில் ஒட்டவைத்த மாதிரி வளைந்து நிமிர்ந்தது.

கண்ணைத் திறந்தார். பயத்தோடு பயமாக உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாம் தேர்ந்தெடுத்த டயர்! பதினோரு வாரம் வீண் போகவில்லை!

"டயரு அருமையாப் பிடிக்குதுங்க" என்றாள் அவளும். "ஆனா பின்னாடி லேசா தத்துது. காத்து ரெண்டு பவுண்டு கூட இருக்குது. கொறச்சுட்டா சரியாப் போவும்."

நோட்டுப் புத்தகத்தில் முப்பது பக்கம் எழுதியும் அவருக்குப் பிடிபடாத கணக்கு அது.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. செபஸ்தியம்மாள் உள்ளே போய் ஒரு கவரோடு வந்தாள்.

"நீங்க எழுதிப் போட்டதுக்கு ரேசுக்காரங்க அனுப்பின அப்ளிகேஷன் பாரம். நீங்க மில்லுல இருக்கும்போது போன வாரமே தபால்ல வந்திச்சு. நாளைக்கு அனுப்பினாத்தான் போய்ச் சேருமாம். எல்லாம் பூர்த்தி பண்ணிட்டேன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

சவுரிராயன் கவரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இவளிடமா மறைத்தோம்? இவளிடமா பொய் சொன்னோம்? ரேசுக்குப் போகத் தன் கையாலேயே பாரம் எழுதிக் கொடுக்கிறவள் இந்த ஜில்லாவில் வேறு யார்?

"செபஸ்தி, நான் ஒன்னை தப்பா நெனச்சிட்டேன்" என்றார்.

"பரவால்லைங்க. பேனா இந்தாங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடினார். மேலே, வண்டி ஓட்டுபவர் பெயர் என்ற இடத்தில் முத்து முத்தான எழுத்தில் 'திருமதி செபஸ்தியம்மாள் சவுரிராயன்' என்று இருந்தது. கீழே, உதவியாளர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், 'டயர் மட்டும்'.