கலர் அண்ணாச்சி ஒட்டிக் கொடுத்த உறை

இனிமேல் பிறக்கப்போகிற எல்லாவற்றுக்கும் என்ன நிறம் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரே மனிதர், பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வளவின் மாடியில் இருந்தார். ஆறு வீடுகள், ஒரு அடிபம்பு, ஒரு முருங்கை மரம், அதற்கெல்லாம் மேலே அவர். எல்லோருக்கும் கலர் அண்ணாச்சி. அவர் பெயரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை, நான்கு வருஷமாக.

உவரிக்காரர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயின்ட் அடித்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தனை பெரிய கப்பல்களைப் பார்த்து அலுத்துப்போயோ என்னவோ, உள்ளங்கைக்குள் அடங்குகிற லவ் பேர்ட்ஸ் வளர்க்க ஆரம்பித்திருந்தார். மொட்டை மாடியில் பாதி இடம் கம்பிக் கூண்டுகள். கூண்டுகளுக்குள் பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்பானைகள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வளவே அசந்து கிடக்கும்போது, மேலேயிருந்து அந்தக் கீச்சொலி மட்டும் மெல்ல இறங்கி வரும். கொடியில் காய்கிற என் மகள் யாழினியின் பாவாடை மேல் ஒரு நீல இறகு வந்து உட்காரும். அதைத் தட்டிவிட எனக்கு மனசு வராது.

பச்சை, நீலம் என்று மொட்டையாகச் சொன்னால் அண்ணாச்சிக்குப் பிடிக்காது.

"இது நீலமா? என்னம்மா சொல்லுத! புன்னக்காயல்ல ஆறு போயி கடல்ல விழும்லா, அங்கன காலம்பற ஒரு நெறம் கெடக்கும். அதாக்கும் இது."

நான் புன்னக்காயல் போனதில்லை. இருந்தாலும் தலையாட்டுவேன். தலையாட்டியது சரியா என்று சாயங்காலம் வரை யோசிப்பேன்.

மனிதர்களையும் விடமாட்டார். என் கணவரை முதல்முதலாகப் பார்த்தபோது, "ஸார்வாள் இன்னும் மேல்பூச்சு இல்லாம பிரைமரோட நிக்காக" என்றார். யாழினியைப் பார்த்து, "கடல்ல போற புது வள்ளத்துக்கு எண்ணெய் போட்டு வெயில்ல நிறுத்தியிருப்பாங்க பாரு, அந்த நெறம்லா இது!" என்றார். அது பாராட்டா என்று எனக்குத் தெரியவில்லை. யாழினிக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் பாதி நாள் மாடியில்தான்.

பெண் பறவை முட்டையிட்ட அன்றே அண்ணாச்சி ஒரு நோட்டை எடுப்பார். உவரிக் கோயிலில் ஞானஸ்நானம் எழுதுகிற மாதிரியே கட்டங்கள்: தாய், தகப்பன், நிறம், கடைசியில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கிற ஞானத்தாய் அல்லது ஞானத்தகப்பன். எழுதி, ஒரு பிரதியை உறையில் போட்டுப் பசை தடவி, துணி கிளிப்பால் அந்தப் பானையில் மாட்டிவிடுவார். குஞ்சுகளுக்கு இறகு முளைத்து நிறம் தெரிகிற நாளில் வளவு முழுவதும் மாடி ஏறும். ஞானத்தாய் உறையைக் கிழித்து உரக்கப் படிக்க வேண்டும். வளவில் ஞானத்தாய் ஆகாதவர் யாரும் இல்லை. வாரம் ஒருமுறை தினை கொண்டுவந்து கொடுப்பது எங்கள் கடமை. நான் மூன்று பானைகளுக்கு ஞானத்தாய்.

அதுவோ இதுவோ என்று எழுதவே மாட்டார். "ரெண்டு எழுதுறவன் ஜோசியக்காரன்" என்பார். ஒரு பானைக்கு ஒரே நிறம். பெரும்பாலும் பலித்துவிடும்.

பலிக்காத ஒரு நாளும் வந்தது. தாய் பச்சை, தகப்பன் பச்சை. உறைக்குள் 'பூரா பச்சை' என்று இருந்தது. நான்தான் படித்தேன். பானைக்குள் நான்கு பச்சை, ஒரு நீலம்.

"சேசு மரி சூசை!" என்று அண்ணாச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இன்னொரு தடவை படித்தேன். அது நிலைமையை மேலும் மோசமாக்கியது.

தாய் அவர் வீட்டிலேயே பிறந்த பறவை. தகப்பன் மேலப்பாளையத்தில் ஒரு பாயிடம் வாங்கியது. மறுநாள் தகப்பனைச் சின்னக் கூண்டில் வைத்து, துண்டால் மூடி, பஸ் ஏறிவிட்டார். யாழினி அழுததால் நாங்களும் போனோம்.

"பாய், இதோட தாத்தா என்ன கலரு?"

பாய் துண்டை விலக்கிப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அல்லா மேல ஆணையாச் சொல்லுதேன், என் தாத்தா என்ன கலருன்னே எனக்குத் தெரியாது."

திரும்பி வந்து நோட்டைப் புரட்டியவர் நான்கு பக்கம் தள்ளி அப்படியே நின்றுவிட்டார். தாய்ப்பறவையின் பாட்டி நீலம். அவர் கையெழுத்திலேயே இருந்தது.

"பச்சைக்குள்ள நீலம் பைய ஒளிஞ்சு கெடக்கும்மா. ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருந்தாத்தான் வெளிய வரும். நான் ஒரு பக்கத்தையே பிடிச்சு அந்த பாயை வாட்டிட்டேன்."

இதைக் கேட்டதும் எனக்கு அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் மாமியார் ஞாபகம் வந்தது.

யாழினி நல்ல கருப்பு. "நம்ம ரெண்டு குடும்பத்துலயும் இந்த நெறம் யாருக்கு இருக்கு? எல்லாம் நீ தின்ன இரும்பு மாத்திரை" என்று அத்தை அவள் பிறந்த அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இப்போது நான் இரண்டாவதாக உண்டாகியிருந்தேன். ரத்தம் ரொம்பக் குறைவு, மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் அத்தையின் போன் வரும். "பாலுல குங்குமப்பூ போட்டியா? மாத்திரையத் தொட்டுராத, என்ன?"

நான் எம்.எஸ்சி. வேதியியல். மாத்திரைக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வருகிறவர்கள் எல்லாம் யாழினியைப் பார்த்துச் சொன்னதை இன்னொரு பிள்ளையும் கேட்க வேண்டுமா? மறுநாள் மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு வாரம் போனது. மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது.

அப்படி இருட்ட இருட்டத்தான் ஒரு மதியம் ஏறிப் போனேன்.

"அண்ணாச்சி, ஒண்ணு எழுதித் தரணும்."

"எந்தப் பானைக்கு?"

நான் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்தார்.

"தாய் என்ன திங்கா?"

"குங்குமப்பூ."

"வேற?"

"இரும்பு மாத்திரை குடுத்திருக்காங்க. தின்னா பிள்ளை கருப்பாயிரும்னு அத்தை…"

அண்ணாச்சிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பறவைகள் கொத்தித் தின்னக் கூண்டில் மாட்டியிருந்த கணவாய் மீன் ஓட்டைப் பிடுங்கி என் முன்னால் நீட்டினார். உவரிக் கரையில் அவரே பொறுக்கி வருவது. குட்டிப் படகு மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும்.

"இதைக் கடிச்சாத்தான் முட்டை ஓடு ஒழுங்கா வரும். நாள் பூரா இதைத்தான் திங்குதுக. தின்னது நெறத்துல வரும்னா, இந்நேரம் என் கூண்டுல பூரா வெள்ளைக் கொக்கால்லா நிக்கணும்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கடைசிக் கூண்டைக் காட்டினார். அதில் ஒரே ஒரு பறவை, தனியாக.

"இதோட சோடி ஓடு தின்னாது. நானும் போகட்டும்னு விட்டுட்டேன். முட்டை வெளிய வராம அடைச்சுச் செத்துப் போச்சு."

கணவாய் ஓட்டைத் திரும்பக் கூண்டில் மாட்டினார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். தின்று முடித்த மாத்திரை அட்டைகளை நான் கொண்டுவந்து அந்தக் கடைசிக் கூண்டின் கம்பியில் மாட்ட வேண்டும். நாலு அட்டை சேர்ந்த பிறகுதான் உறை.

அன்று சாயங்காலமே அரிசி டப்பாவை நகர்த்தினேன். காலி அட்டைகள் ஒவ்வொன்றாகக் கம்பியில் ஏறின. மதிய வெயிலில் அவை மினுங்கும். தனியாக இருந்த அந்தப் பறவை, அட்டையில் தெரிந்த தன் முகத்தையே சோடி என்று நினைத்துக் கொஞ்சத் தொடங்கியது. யாழினி மடியில் சாய்ந்திருக்க, அதைப் பார்த்துக்கொண்டே நான் தூங்கிப்போவேன். கனவில் எல்லாப் பானைகளிலிருந்தும் குழந்தைகள் எட்டிப் பார்ப்பார்கள். நிறம் மட்டும் எவ்வளவு பார்த்தாலும் தெரியாது.

நாலாவது அட்டை ஏறியதும் எழுத உட்கார்ந்தார். வழக்கமாக ஒரு நிமிஷ வேலை. அன்றைக்கு நான் கொண்டுபோன டீ ஆறிப் போகும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒட்டிக் கொடுத்தார்.

"பொறந்த பொறவுதான் பிரிக்கணும்."

உறையைப் பீரோவில் மூன்று முறை இடம் மாற்றினேன். வெளிச்சத்துக்கு எதிரே எத்தனை முறை பிடித்தேன் என்று சொல்லமாட்டேன். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடவில்லை.

பையன் பிறந்தான். ரத்தம் போதுமான அளவு ஏறியிருந்தது என்று டாக்டர் சொன்னார். அத்தை வந்ததும் வராததுமாக, பின்னால் என்ன நிறம் வரும் என்று பார்க்கக் குழந்தையின் காது மடலைத் திருப்பினார். நான் தலையணைக்கு அடியிலிருந்து உறையை எடுத்தேன்.

"என்னட்டி அது?"

"பிள்ளையோட நெறம் எழுதியிருக்கு அத்தை."

அத்தை காதை விட்டுவிட்டார். "அப்படியா? படி, படி."

தாய் என்ற கட்டத்தில் என் பெயர். தகப்பன் கட்டத்தில் என் கணவர் பெயர். நிறம் என்ற கட்டத்தில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்து, அழுத்தமாகப் போட்ட கோடு.

"என்ன, வாயைத் திறக்க மாட்டேங்குத?" என்றார் அத்தை.

நான் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞானத்தகப்பன் என்று போட்டு, நான்கு வருஷமாக நான் கேட்காமலே இருந்த ஒரு பெயர் எழுதியிருந்தது. அது யார் என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை.