கிளைடு கொடுத்த ஈயம்

வெண்டல் ஸ்ட்ரோம் பிறர் செய்த பொருளை எளிதில் நம்புவதில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவர் தொழில். பணிமனையில் எல்லாம் சரிபார்த்து அனுப்பிய வண்டியையும் ஒருமுறை சுற்றிவந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் உதைத்துப் பார்த்த பிறகே ஏறி அமர்வார். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் கடைத் தோட்டா நுழைய முடியுமா? மேப்பிள் இலைகள் உதிரத் தொடங்கிவிட்டால் சனிக்கிழமைதோறும் கொட்டகையில் அடுப்பை மூட்டி ஈயம் உருக்குவார். இரும்பு அச்சில் ஊற்றிக் குண்டு வார்ப்பார். ஆறிய குண்டை மூக்குக்கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய் உருட்டி உருட்டிப் பார்ப்பார். மேனியில் மெல்லிய சுருக்கம் தெரிந்தாலும் போதும், அது மறுபடியும் கொப்பரைக்கே போகும்.

"மானு கண்ணாடி போட்டுக்கிட்டா உன் குண்டைப் பாக்கப் போகுது?" என்று அவர் மனைவி வெர்னா கேட்பார்.

"மான் பாக்காது. நான் பாக்கறேன்ல?" என்பார் வெண்டல்.

அவருடையது தந்தையிடமிருந்து வந்த நெம்புகோல் துப்பாக்கி. அதன் குழலுக்கு அடியில் உள்ள நீண்ட குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னதன் மூக்கு முன்னதன் முதுகைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆகவே இவ்வகைத் துப்பாக்கிக்கு, முன்னதன் முதுகில் குத்தி அதை வெடிக்க வைத்துவிடக்கூடிய கூர்மூக்குக் குண்டு ஆகாது, தட்டை மூக்குதான் வேண்டும். முன்னால் நிற்பவரைக் குத்தாமல் வரிசையில் நிற்கத் தெரிந்த குண்டுகள் என்று வெண்டல் அவற்றைப் பெருமையாகச் சொல்வதுண்டு.

அந்த ஆண்டு மான் வேட்டைக் காலம் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. புல்வெளியின் கோடியில் வைக்கோல் கட்டின்மேல் குறி வட்டம் போட்ட தாளைக் குத்திவிட்டு, வெண்டல் படுத்து, மூச்சடக்கி, வரிசையாகச் சுட்டார். பின்னால் இருந்த மண்மேட்டின் உச்சியில் புழுதி பறந்தது. தாள் மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே இருந்தது.

சமையலறை வாசலில் நின்ற வெர்னா எட்டிப் பார்த்தார். "பேப்பர் பத்திரமா இருக்கு போல. அடுத்த வருசத்துக்கும் ஆகும்."

வெண்டலுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டுகளாக அவர் குண்டு இப்படித் துரோகம் செய்ததில்லை. அச்சு பழையது, வெடிமருந்தின் அளவு பழையது, கை பழையது. புதிதாக வந்தது ஈயம் ஒன்றுதான்.

அந்த ஈயம் கிளைடு பௌசர் கொடுத்தது. கிளைடு ஊரில் டயர்க் கடை வைத்திருந்தார். சக்கரம் ஆடாமல் சுழல்வதற்காக விளிம்பில் மாட்டும் சிறு ஈயத் துண்டுகளை, கழற்றும்போதெல்லாம் ஒரு வாளியில் சேர்த்து வைத்து நண்பருக்குக் கொடுப்பார். இருவருக்கும் மலைமேல் பொதுவாக ஒரு மரக்குடில் உண்டு. வேட்டையின் முதல் நாள் விடியலில் இருவரும் அங்கேதான் இருப்பார்கள். ஆளுக்கொரு சாவி.

வெண்டல் வாளியோடு கடைக்குப் போனார்.

"இதுல என்னத்தப்பா போட்டே?"

"எப்பவும் போடறதுதான். ஈயம்."

"இப்பல்லாம் துத்தநாகத்துலயும் இந்தத் துண்டைப் பண்றானுங்க. அது ஒண்ணு ரெண்டு கலந்தாலே போதும், மொத்தமும் பாழ்."

"ஒவ்வொண்ணையும் கத்தியால கீறிப் பாத்துதான்யா போடறேன். பல்லால கடிச்சுப் பாக்காததுதான் பாக்கி."

"கடிச்சே பாத்திருக்கலாம்."

கிளைடு சிரித்தார். ஆனால் வழக்கமாகத் தரும் காப்பியை அன்று அவர் ஊற்றித் தரவில்லை.

குண்டுக்குக் கெட்டித்தன்மை போதவில்லை என்று வெண்டல் அடுத்தபடியாக முடிவு செய்தார். ஈயத்தோடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் வார்ப்பு திருத்தமாக வரும். வீட்டில் வெள்ளீயத்தால் ஆன பொருள் ஒன்று கணப்பு மாடத்தின்மேல் நின்றுகொண்டிருந்தது. வெர்னா அதைத் தேடத் தொடங்கியபோது அது ஏற்கெனவே தட்டை மூக்கோடு பெட்டியில் வரிசையாகப் படுத்திருந்தது.

"என் மெழுகுவத்தித் தண்டு எங்க?"

"எந்தத் தண்டு?"

"ஹுல்டா சித்தி நம்ம கல்யாணத்துக்குக் குடுத்தது. நன்றித் திருநாளுக்கு அவங்க வராங்க. வந்ததும் முதல்ல அதத்தான் தேடுவாங்க."

"மான் கறி குடுத்தா மறந்துடுவாங்க."

"மானை எதால அடிக்கப் போற? சித்தியோட தண்டாலயா?"

உண்மை அதுவாகவே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை குண்டுகள் அத்தனையும் தாளுக்குக் கீழே புல்லை உழுதன. இதைக் கண்டு வெண்டல் மனம் தளராததுதான் வியப்பு. போன வாரம் மேலே போயின, இந்த வாரம் கீழே போகின்றன. ஆகவே நடுவில் ஓரிடம் இருந்தே தீரும் என்று அவர் வெர்னாவுக்கு விளக்கினார். தண்டில் பாதியை மட்டும் உருக்கியிருக்க வேண்டும்.

"மிச்சப் பாதிய சித்திகிட்ட காட்டியிருக்கலாம்" என்றார் வெர்னா.

பிறகு மசகின்மேல் ஐயம் எழுந்தது. குண்டின் இடுப்பைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தேன்மெழுகு தடவுவது வழக்கம். மெழுகுக் கலவையைப் புதிய பக்குவத்தில் காய்ச்ச வேண்டும் என்று தோன்றியதும், கைக்கு அகப்பட்ட வாணலியை எடுத்துக் காய்ச்சினார். அது இறைச்சிச் சாறு காய்ச்சும் வாணலி. ஞாயிறு மதியம் மேசைக்கு வந்த சாறு, தட்டில் ஊற்றியதுமே மெருகேறி உறைந்தது.

வெர்னா ஒரு வாய் உண்டு கரண்டியைக் கீழே வைத்தார். "இத முழுங்கினா வார்த்தையெல்லாம் வழுக்கிக்கிட்டு வெளிய வந்துடும் வெண்டல். எனக்கு இப்பவே நெறைய வருது."

அந்த வாரச் சனிக்கிழமை குண்டுகள் மீண்டும் மேலே போயின.

ஒரு கொக்கு இருந்தது. மீன் சிக்காத நாளில் அது குளத்தைத் திட்டும், வேறு குளத்துக்குப் போகும், அதையும் திட்டும். திட்டுவதற்குக் குளமே மிஞ்சாத ஒரு நாளில் கரையில் உட்கார்ந்திருந்த தவளையைத் திட்டியது. தவளைக்கும் மீனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது அருகில் இருந்தது, அவ்வளவுதான்.

தீயணைப்பு நிலையத்தில் ஞாயிறு காலை ஊரார் கூடி அப்பம் தின்பார்கள். நிலையத் தலைவர் டக் அன்று அப்பத்தைத் திருப்பிக்கொண்டே, "என்ன வெண்டல், இந்த வருசம் மானுங்க நிம்மதியா தூங்கலாம்னு கேள்விப்பட்டேன்?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். வெண்டலின் காது சிவந்தது.

"என் கைய சொல்லாத. ஈயத்த சொல்லு. கிளைடு குடுத்த குப்பை அது. அந்தக் கடையில இனி ஒரு டயர்கூட வாங்க மாட்டேன், அதுல என்ன கலந்திருக்கோ யாரு கண்டா!"

சிரிப்பு ஓய்ந்தபிறகுதான் வரிசையின் கோடியில் தட்டோடு நின்ற கிளைடை வெண்டல் கண்டார். கிளைடு அப்பத்தின்மேல் ஊற்றிய பாகு வழிய வழியத் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் வெண்டல் வீட்டு அஞ்சல் பெட்டியில் மலைக்குடிலின் சாவி கிடந்தது. வேறொன்றும் இல்லை.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெண்டல் நெடுநேரம் நின்றார். தனியாகப் போகலாம்தான். ஆனால் விடியலில் அடுப்பை மூட்டிவிட்டுக் குளிரைத் திட்டுபவர் கிளைடு. போன ஆண்டு தப்பிய மானை இந்த ஆண்டு இன்னும் பெரிதாக்கிச் சொல்பவரும் கிளைடுதான். மான் கிடைக்காமல் அவர்கள் திரும்பிய ஆண்டுகள் பல உண்டு. பேச்சுக் கிடைக்காமல் திரும்பிய ஆண்டு ஒன்றும் இல்லை.

ஆண்கள் முறைத்துக்கொண்டாலும் வெர்னா செவ்வாய்தோறும் கிளைடின் மனைவி ஐரீன் வீட்டுக்குப் போர்வை தைக்கப் போவதை நிறுத்தவில்லை.

"அங்க எதுக்கு இன்னும் போற?" என்றார் வெண்டல்.

"நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தா போர்வை தானா தைச்சுக்குமா?"

அதே வாரத்தில், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய பேருந்தைச் சாலையில் கைகாட்டி நிறுத்தினார் டக்.

"வெண்டல், கெட்ட தோட்டானு ஒரு பெட்டிய என் தலையில கட்டினியே, இன்னும் இருக்கா?"

"ஏன், உன் துப்பாக்கியையும் கெடுத்துடுச்சா?"

"கெடுத்துச்சா? போட்டதெல்லாம் ஒரே எடத்துலப்பா! துளை அத்தனையையும் ஒரு உள்ளங்கையால மூடிடலாம். இத்தன வருசத்துல நான் இப்படிச் சுட்டதே இல்ல. கிளைடுகிட்ட சொல்லி எனக்கும் ஒரு வாளி அந்தக் குப்பைய வாங்கிக் குடேன்."

டக் போன பிறகும் பேருந்து அங்கேயே உறுமிக்கொண்டு நின்றது. ஈயத்தில் குறை இல்லை. அப்படியானால் ஊர் நடுவில் ஒரு நேர்மையான மனிதனின் கடையையும் கையையும் பழித்தது யார் குறை? வெண்டல் வார்ப்புகளில் சுருக்கம் தேடிப் பழகியவர். அன்று அதை வேறோரிடத்தில் கண்டார்.

மாலையில் அவர் வெர்னாவையும் அழைத்துக்கொண்டு கிளைடின் வீட்டுக்குப் போனார். ஐரீன் கதவைத் திறந்தார். கிளைடு சமையலறை மேசையில் நாளிதழுக்குப் பின்னால் இருந்தார்; நாளிதழ் இறங்கவில்லை.

வெண்டல் சாவியை மேசைமேல் வைத்தார்.

"கிளைடு, உன் ஈயம் சுத்தம். என் வாய்தான் சுத்தமில்ல. ஞாயித்துக்கெழமை எந்த எடத்துல நின்னு சொன்னேனோ, அதே எடத்துல, அதே ஆளுங்க முன்னால, தப்பு என்னுதுன்னு சொல்றேன். டக் அப்பத்தைத் தீய விட்டாலும் சரி, முழுசா சொல்லி முடிச்சிட்டுத்தான் உக்காருவேன். முதல் நாள் நல்ல எடத்துல நீ உக்காரு. நான் காட்டுக்குள்ள போயி மானை உன் பக்கம் வெரட்டறேன்."

நாளிதழ் மெல்ல இறங்கியது.

"உன் முட்டிய வெச்சுக்கிட்டு நீ வெரட்டினா மானே நின்னு உனக்குக் கை குடுத்துக் கூட்டிட்டு வரும்" என்றார் கிளைடு. கை மட்டும் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது. "டயரப் பத்திச் சொன்னதையும் சேத்துச் சொல்லணும்."

"டயர மொதல்ல சொல்றேன்."

ஐரீன் ஆப்பிள் பணியாரத்தை வெட்டத் தொடங்கினார். வெர்னா காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அது சரி," என்றார் கிளைடு, "ஈயத்துல இல்ல, மெழுகுல இல்ல, மருந்துல இல்ல. அப்ப கோளாறு எதுலய்யா? பின்பக்கக் குறிய பாத்தியா? குழல்மேல குறி பாக்க ஏத்தி எறக்கற அந்தப் படிக்கட்டுத் தகடு ஒரு படி நகந்திருந்தாலே குண்டு மேல கீழ போகுமே?"

வெண்டல் சிரித்தே விட்டார். "எங்கப்பா வெச்ச எடம்டா அது. நானே தொட மாட்டேன். வேற யாரு தொடப் போறா?"

ஐரீன் கத்தியைக் கீழே வைத்தார், வெர்னாவைப் பார்த்தார், வெர்னா தலை நிமிரவில்லை. பிறகு ஐரீன் எழுந்துபோய் உறைபெட்டியைத் திறந்து, கல்லாக உறைந்திருந்த ஒரு பெரிய வான்கோழியைத் தூக்கிவந்து, மலைத்து உட்கார்ந்திருந்த வெண்டலின் மடியில் வைத்தார்.

"மன்னிச்சுக்க வெண்டல், செவ்வாக்கெழமை இங்க போர்வையும் தைக்கல ஒண்ணும் தைக்கல, இது உன் துப்பாக்கியில உன் குண்ட போட்டுப் பொம்பளைங்க குறி சுடற பந்தயத்துல நாங்க ஜெயிச்சது, நீயே வெச்சுக்க, அந்தத் தகட இவ கண்ணுக்கு ஏத்தணும், என் கண்ணுக்கு எறக்கணும், திருப்பி எந்தப் படியில விட்டோம்னுதான் ரெண்டு பேருக்கும் ஒரு வாரங்கூட ஞாபகம் இருந்ததில்ல!"